ஏழாவது கட்டம்

பிள்ளைகள் எல்லோருக்கும் அவள் ‘காதக்கா’. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. இளைஞர் ஆலோசனை மையத்தில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்து பிள்ளைகளின் கதையைக் காது கொடுத்துக் கேட்பதுதான் வேலை. சமூகப்பணி படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று, “ஊர்க்கதை கேக்க ஒரு படிப்பா? எதிர்வீட்டு அத்தை அதைச் சும்மாவே பண்றாங்களே” என்று அப்பா சிரித்தார். சாகும்வரை அந்தச் சிரிப்பை அவர் விடவில்லை. அவர் முன்னால் ஒரு முறையாவது ஜெயித்துக் காட்ட வேண்டும் என்கிற வீம்பில்தான் அவள் இதில் காலூன்றினாள். சேவை மனப்பான்மை எல்லாம் நேர்முகத் தேர்வில் சொன்னது.

மையம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உடைந்த பெஞ்சு போட்டு வைத்திருந்த அறை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேஜை. சுவர்க்கடிகாரம் மட்டும் வருகிற பிள்ளையின் தலைக்குப் பின்னால் தொங்கும். கைக்கடிகாரத்தைப் பார்த்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்; சுவரைப் பார்த்தால் தன்னைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்ளும். இந்தத் தொழிலில் இப்படிச் சின்னச் சின்னப் பித்தலாட்டம் நிறைய உண்டு, எல்லாம் நல்ல எண்ணத்தில்.

இன்னொரு விதியும் உண்டு. அறைக்குள் பேசிய பிள்ளையை வெளியே எங்கே பார்த்தாலும், அது தானாக வந்து பேசினால் ஒழிய, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. காரணம் நியாயமானதுதான். ‘அவங்களை உனக்கு எப்படித் தெரியும்?’ என்று வீட்டில் துருவ ஆரம்பித்தால் மாட்டிக்கொள்வது பிள்ளைதானே. அதனால் இதை முதல் நாளே விளக்கிவிட வேண்டும். சேர்க்கைப் படிவத்தில் ஏழு கட்டம் இருக்கும். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு டிக் போட வேண்டும். இந்த விதி ஏழாவது கட்டம்.

‘முடிச்சு’ வந்த அன்று வாசலில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள். பதினாறு வயசுப் பெண். வாயைத் திறக்காமல் பையின் கயிற்றில் முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டே இருந்ததால் காதக்கா மனசுக்குள் அந்தப் பெயரை வைத்தாள். மூன்று கட்டம் வரைக்கும் விளக்கினாள். வெளியே சலசலப்பு கூடியது. மீதி நாலுக்கும் சரசரவென்று டிக் போட்டுக் கையெழுத்து வாங்கினாள். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரம் மறந்தே போனது.

ஆறு வாரம் அந்தப் பெண் பேசவில்லை. ஏழாவது வாரம் பேசினாள். அம்மா அப்பா இல்லை. சித்தப்பா படிப்பை நிறுத்திவிட்டு வெளியூர்த் தையல் ஆலையில் கொண்டுபோய் விடப் பார்க்கிறார்.

“அவரு திடீர்னு கூட்டிட்டுப் போயிட்டா என்னக்கா பண்றது?”

“கவலைப்படாதே. நான் இருக்கேன்ல.”

இப்படிச் சொல்லலாமா என்று கேட்க எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

அடுத்த சனிக்கிழமை காலை காதக்கா கணவனோடு பஸ் ஸ்டாப்பில் நின்றாள். எதிர்ப் பெஞ்சில் முடிச்சும் சித்தப்பாவும். காலடியில் பெரிய பை. அந்தப் பையையும் பார்த்தாள், பார்த்ததை யோசிக்கவில்லை. முடிச்சு எழுந்து இரண்டு அடி வந்து நின்றாள். காதக்கா தலையைத் திருப்பி பஸ் எண்களைப் படிக்க ஆரம்பித்தாள்.

“அந்தப் பொண்ணு உன்னையே பாக்குது. தெரிஞ்ச பொண்ணா?” என்றான் கணவன்.

“இல்லையே, தெரியாது.”

சித்தப்பா காதில் விழட்டும் என்று உரக்கவே சொன்னாள். பஸ் ஏறும்போது, பெண்ணைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிவிட்டோம் என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம் முடிச்சு பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. சித்தப்பா வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். விசாரணை வந்தது. மையத்தின் இயக்குநர் கோப்பைப் புரட்டினார். “ஏழு கட்டமும் போட்டிருக்கீங்க, கையெழுத்தும் இருக்கு. நம்ம பக்கம் சுத்தம்” என்று கை கழுவினார். நாலு கட்டத்தை விளக்கவே இல்லை என்பதைக் காதக்கா மறைத்துவிட்டாள். மறு வருஷம் மேற்பார்வையாளர் ஆனாள். பதவி வந்த நாளில் அப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். ஜெயித்த மாதிரியே இல்லை.

ஆறு வருஷம் கழித்து, வெளியூரில், புது ஆலோசகர்களுக்குப் பயிற்சி. கணீரென்ற குரலில் காதக்கா விதியைச் சொன்னாள். “அவங்களா வந்து பேசினா ஒழிய, வெளியே பாத்தா தெரியாதுன்னு இருந்திடுங்க. அது நாம அவங்களுக்குக் குடுக்கிற பாதுகாப்பு.” எல்லோரும் தலையாட்டிக்கொண்டே எழுதினார்கள். பின்வரிசையில் காலி நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் துடைப்பதை நிறுத்திவிட்டு அதைக் கவனித்துக் கேட்டாள்.

வகுப்பு முடிந்ததும் அவள் காலி டம்ளர்களை எடுக்க மேடைக்கு வந்தாள். கைத்துணியின் நுனியில் முடிச்சு விழுந்திருந்தது. காதக்கா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“நீ… நீ நல்லா இருக்கியாம்மா?”

“ஆலையில நாலு வருஷம் இருந்தேன். இப்ப இங்க.” டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். “இந்த விதியை முதல் நாளே சொல்லியிருந்தா, சித்தப்பா இருந்தாலும் பரவாயில்லைன்னு நானா வந்து உங்க கையைப் பிடிச்சிருப்பேன்க்கா. தெரியாதுன்னு நீங்க சொன்னதும், அக்காவே இப்படின்னா இனிமே யாரைக் கூப்பிடறதுன்னு பேசாம பஸ் ஏறிட்டேன்.”

மன்னிப்பு என்கிற சொல்லைக் காதக்கா எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அதற்குள் பயிற்சிக்கு வந்த ஒருத்தி பக்கத்தில் வந்து, “யாரு மேடம் இவங்க? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?” என்றாள்.

காதக்கா ‘ஆமா’ என்று வாயெடுப்பதற்குள் அந்தப் பெண் டம்ளர்களோடு திரும்பினாள்.

“இல்லைங்க, தெரியாது” என்று சொல்லிவிட்டுப் போனாள்.