பெல்ட் போட்ட புடவைப் பெட்டி

பதினேழு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். முதலில் செய்யாரில் கம்பெனி பஸ். பிறகு சொந்தக் கார் வாங்கி, ஆரணிக் கடைகளிலிருந்து கல்யாண வீடுகளுக்குப் பட்டுப்புடவை கொண்டு போய்க் கொடுக்கிறேன். "குப்புராஜ் கையில குடுத்தா மடிப்புகூட கலையாதுங்க" என்று கடைக்காரர்கள் சொன்னால் எனக்குத் தலைகால் புரியாது. அந்தத் திமிர் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

போன ஆவணியில் போளூருக்கு ஒரு முகூர்த்தப் புடவை சவாரி. நாலு வயது மகள் சுபலட்சுமியும் வருவேன் என்று காலைக் கட்டிக்கொண்டாள். மச்சான் வாங்கித் தந்த குழந்தை சீட் பின்னால் இருந்தது. அது இருந்தால் பெட்டிகளைப் படுக்க வைக்க இடம் போதாது. கழற்றி வீட்டில் போட்டேன்.

"பாப்பாவுக்கு அந்த சீட்டு வாணாமா?" என்றாள் என் மனைவி ராதிகா.

"தோ இருக்குது போளூரு. பதினேழு வருஷமா ஓட்டிகினு இருக்கறவன், எனக்கே சொல்றியா? பேஜார் பண்ணாத, போ."

பெட்டிகள் சரியாமலிருக்க அவற்றின் மேல் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். மீதியிருந்த ஓரத்தில் மகளை உட்கார வைத்தேன். பெல்ட்டுக்குப் பதில் அவளுக்குக் கிடைத்தது மிரட்டல்தான்.

"பொடவ மேல கை வச்ச, தோலை உரிச்சிடுவேன். அழுக்கு பட்டா கல்யாணக்காரங்க வாங்க மாட்டாங்க. தெரிதா?"

"தெரிதுப்பா."

பாதி வழியில் முன் சீட்டுகளுக்கு நடுவே எழுந்து நின்றுகொண்டு ஏதோ கதை சொல்லிக்கொண்டு வந்தாள். உட்காரச் சொல்லவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

திடீரென்று ஒரு டிராக்டர் குறுக்கே திரும்பியது. பிரேக்கை மிதித்தேன். நாற்பதில்தான் போனேன், சத்தியமாக. பிள்ளை முன்னால் பாய்ந்து கியரில் போய் மோதினாள்.

சொல்லவே நாக்கு கூசுகிறது. நான் முதலில் திரும்பிப் பார்த்தது பெட்டிகளை. அவை இம்மியும் நகரவில்லை. அப்புறம்தான் கீழே கிடந்தவளைத் தூக்கினேன். வாயெல்லாம் ரத்தம். பின் சீட்டில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். வழியெல்லாம் அழுதது நான்தான். அவள் இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் இருந்தாள்.

நர்ஸ் உண்ணாமலை கெஞ்சிக் கெஞ்சித்தான் அந்தக் கைகளை விலக்கினார். முன்பல் இரண்டு இல்லை. உதடு கிழிந்திருந்தது. பிள்ளை என்னைப் பார்த்தாள்.

"பொடவ மேல படலப்பா. நான் புடிச்சிகினே வந்தேன்."

"என்ன பொடவைங்க?" என்று நர்ஸ் என்னிடம் கேட்டார்.