பதினோரு மணிக்கே பள்ளி விட்டால்

செஞ்சியில், திருவண்ணாமலை சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் சின்னக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்துகிறேன். காலையில் உள்ளே வரமாட்டேன் என்று அழுவார்கள். பன்னிரண்டரை மணிக்கு வெளியே போகமாட்டேன் என்று அழுவார்கள். கொரோனா முடிந்து திறந்தபோது வைத்த கட்டணம் அப்படியே இருந்தது. வாடகை மட்டும் ஏறிக்கொண்டே போனது. போதாக்குறைக்கு, குழந்தைகளைக் கழுவி, துடைத்து, ஊட்டிவிடும் அக்கா ஒரு நாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து நின்றார்.

"துணிக்கடைல கூப்புட்றாங்க மிஸ். சம்பளமும் கூட. அங்க யாரும் என் மேல ஒண்ணுக்குப் போமாட்டாங்க."

அவர் போனால் நான் பள்ளியை மூட வேண்டியதுதான். கட்டணத்தை ஏற்றியே ஆக வேண்டும். என் கணவரிடம் யோசனை கேட்டேன். "வாட்ஸ்அப்ல போட்டுட்டு ஃபோன ஆஃப் பண்ணிடு" என்றார். மனிதருக்கு எல்லாப் பிரச்சினைக்கும் இதே மருந்துதான்.

சனிக்கிழமை சாயங்காலம் பெற்றோரை வரச் சொன்னேன். முதலில் எல்லோருக்கும் சூடாக போண்டாவும் டீயும் கொடுத்தோம். வாயில் போண்டா இருக்கும்போது யாராலும் கத்த முடியாது என்பது என் கணக்கு. எல்லோரும் மென்றுகொண்டிருக்கும் நேரம் பார்த்து எழுந்தேன்.

"விலைவாசி உங்களுக்கே தெரியும். ஃபீஸ் ஏத்த எனக்கு மனசு வரல. அதனால அதே ஃபீஸ். ஆனா ஜூன்லேர்ந்து பதினோரு மணிக்கு ஸ்கூல் விட்டுடுவேன். பன்னெண்டரை வரைக்கும் வேணும்னா மாசம் ஐந்நூறு கூட ஆவும். நீங்களே சொல்லுங்க."

முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மெல்லும் சத்தம் நின்றது.

"பதினோரு மணிக்கா?" என்றாள் முதல் வரிசையில் ஒரு அம்மா. "இவன அனுப்பிட்டு நான் அப்பதான் மிஸ் பல்லே வெளக்குவேன்!"

பஜாரில் மளிகைக் கடை வைத்திருப்பவர் போண்டாவை விழுங்கிவிட்டு எழுந்தார். "இன்னா மிஸ், ஒரேடியா ஐந்நூறு ஏத்துறீங்க? பதினொண்ணே போதும், வுடுங்க."

பக்கத்திலிருந்த அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நீ கம்முனு ஒக்காரு. பதினோரு மணிக்கு வந்தா அவன கடைல வெச்சிக்கிறியா? அன்னைக்கு சக்கர மூட்டைல தண்ணி ஊத்துனானே, மறந்துட்டியா?"

அவர் உட்கார்ந்துவிட்டார். வேலை முடிந்தது என்று நான் நிம்மதியாக டீயை எடுத்தேன். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஓர் இளம் அம்மா கையைத் தூக்கினாள்.

"எங்களுக்குப் பதினொண்ணே ஓகே மிஸ். வூட்ல அத்தை சும்மாதான் இருக்காங்க, பாத்துக்குவாங்க."

எடுத்த டீயை அப்படியே கீழே வைத்தேன். நல்ல யோசனையாக இருக்கிறதே என்று நாலைந்து தலைகள் ஆடத் தொடங்கின. எல்லோரும் பதினொன்று போதும் என்றுவிட்டால் அக்கா துணிக்கடைக்குப் போய்விடுவார். நான் பஸ் ஸ்டாண்டில் போண்டா விற்க வேண்டியதுதான்.

காப்பாற்றியது அந்த அத்தைதான். அம்மாவோடு வந்திருந்த பேரனை அழைத்துப்போக வந்து வாசலில் நின்றிருந்திருக்கிறார்.

"யாரு சும்மா இருக்கறது? என்ன ஒரு வார்த்த கேட்டியா நீ? சமையல் யாரு, மாடு யாரு பாக்கறது? மிஸ், ஐந்நூறு நான் எம் புள்ளைகிட்ட வாங்கித் தரேன். பன்னெண்டரைக்கு முன்னாடி அவன அனுப்பாத!"

கூடத்தில் எழுந்த சிரிப்பில் மருமகளும் சேர்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு பேச்சு தொகையைப் பற்றித்தான். மளிகைக்காரர் முந்நூறு என்றார்; நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். முந்நூற்றைம்பதுக்கு ஏறி, கடைசியில் நானூற்றில் முடிந்தது.

எல்லோரும் கிளம்பிய பின், வீட்டிலேயே தையல் வேலை செய்யும் ஓர் அம்மா மட்டும் தயங்கி நின்றாள். "நானூறு எங்களால முடியாது மிஸ். பதினோரு மணிக்கு வந்துட்டா தைக்கவும் முடியாது. வேற எங்கனா பாத்துக்கறோம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு நேரம் ஆடிய விளையாட்டில் இவள் முகத்தை நான் பார்க்கவேயில்லை. பழைய கட்டணமே கொடு, பன்னிரண்டரை வரைக்கும் இருக்கட்டும், யாரிடமும் சொல்லாதே என்றேன். அவளும் சொல்லவில்லை.

அக்காவுக்குச் சம்பளம் கூட்டினேன். "துணிக்கடைக்காரன் பாவம்" என்று சிரித்தபடி துடைப்பத்தை எடுத்தார்.

ஜூன் மாதம் மளிகைக்காரர் பணம் கட்ட வந்தார். நோட்டுகளை நீட்டியவர், அவற்றைப் பிடித்த பிடி விடாமல் கேட்டார்:

"உண்மையச் சொல்லுங்க மிஸ். மனசுல எவ்ளோ நெனச்சிக்கினு ஐந்நூறு சொன்னீங்க?"

"நானூறு" என்றேன்.

"அப்பவே நெனச்சேன். முந்நூத்தம்பதுல பிடிவாதமா நின்னிருக்கணும். எல்லாம் இந்த சக்கர மூட்டையால" என்று சொல்லிவிட்டு, மகனின் முதுகில் செல்லமாக ஒன்று வைத்து உள்ளே அனுப்பினார்.