முழங்காலில் ஒரு எலுமிச்சை

இல்லத்தரசி வேலைக்கு லீவு கிடையாது. வலி வந்தால் ஆலோசனை மட்டும் ஓவர்டைம் பார்க்கும். முட்டி வீங்கி உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே, கேளுங்கள்.

தேய்மானம்

என் கணவருக்கு விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை. அவரோடு வத்தல் தூசியும் வீட்டுக்கு வரும். கலர் செல்போனை அவர் ஊரெல்லாம் காட்டிக்கொண்டிருந்த வருஷம், என் வலது முட்டிச்சில்லின் மேல் எலுமிச்சம்பழம் போல ஒரு வீக்கம். பக்கத்து வீட்டு அக்கா தொடாமலே சொல்லிவிட்டார்: மூட்டு தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். பதறிப்போய் எக்ஸ்ரே எடுத்தால் எலும்பில் ஒரு குறையும் இல்லை. படத்தை அக்காவிடமே நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே தேயும், பாருங்க" என்றார்.

ஐஸா, வெந்நீரா?

கணவர் ஐஸ் என்றார். வேலைக்கு வரும் மாரியம்மா வெந்நீர் என்றாள். காலையில் அது, மாலையில் இது என்று இருவர் மனதையும் குளிர வைத்தேன், முட்டி குளிரவில்லை. திருத்தங்கலில் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்த்தார். எலுமிச்சை சாத்துக்குடியானது. ஏன் என்று கேட்டால், "நோவு வெளிய வருதுல்லா, கூடத்தான் செய்யும்!"

உதவிக்கு வந்தவர்

தாயில்பட்டியிலிருந்து கணவரின் அக்கா, என் மதினி, உதவிக்கு வந்தார். ஒரே நாளில் என் மசாலா டப்பாக்கள் இடம் மாறின. முட்டி சரியாகாவிட்டால் சமையலறை இனி என்னுடையதல்ல என்று புரிந்தது. மதினி அன்பாகச் சொன்னார்: "நீ மெதுவா சரியாகு. எனக்கு ஊருல ஒரு வேலையும் இல்ல."

டாக்டர் முன்னால்

மதினியும் கூட வந்தார். எலும்பு டாக்டர் வீக்கத்துக்கு ஒரு பெயர் சொன்னார்: பர்சைட்டிஸ். சில்லுக்கும் தோலுக்கும் நடுவே சின்னப் பை ஒன்று இருக்கிறதாம். ஓயாமல் அழுத்தினால் நீர் கோத்து வீங்குமாம். தேய்க்கக் கூடாது, ஐஸ் வைக்கலாம், மாத்திரை, ஓய்வு. சிவந்து காய்ச்சல் வந்தால் உடனே வர வேண்டும்.

"முட்டி போடுற பழக்கம் உண்டா?"

"கான்வென்ட்ல சிஸ்டர் போடச் சொன்னதோட சரி, டாக்டர்."

மதினி விடவில்லை. "பொய்! மாரியம்மா துடைச்சிட்டுப் போனதும், வத்தல் தூசி போகலன்னு இவ தினமும் முட்டி போட்டு மறுபடி துடைக்கா."

அப்போ தரையை யார் பார்ப்பது என்று மதினியிடம் சீறினேன்.

"மாரியம்மா துடைக்கட்டும். நீ சேர்ல உக்காந்து குறை சொல்லு. அதுக்கு முட்டி வேண்டாம்லா!"

வீக்கம் வற்றி, மதினி ஊருக்குப் போய், டப்பாக்களும் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. ஆனால் மாரியம்மா துடைத்த தரையைப் பார்த்தாலே என் முட்டி பரபரக்கிறதே, அதற்கு ஐஸா வெந்நீரா என்றுதான் இன்னும் தெரியவில்லை.