மருமகள் கட்சி தோற்ற கதை

என் சித்தப்பா கப்பல் வேலையில் ஸ்காட்லாந்துப் பக்கம் போய்வந்த வருஷம், சுரக்குடியில் காணும் பொங்கல் தலைகீழாகிவிட்டது. அங்கே ஊரே குடும்பத்தோடு கூடி விளையாடுமாம்; ஆண்கள் பாவாடை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு முழு மரத்தையே தூக்கி எறிவார்களாம். கோலப் போட்டியும் மியூசிக்கல் சேரும் போதும் என்றிருந்த ஊரில், அவர் ஒரு சவுக்கு மரத்தைக் கொண்டுவந்து பள்ளிக்கூட மைதானத்தில் போட்டார். அதை எறியப் போன என் அப்பா, தன் காலடியிலேயே போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

எனக்கு மரம் முக்கியமில்லை. கயிறு இழுக்கும் போட்டிதான். ஊரில் பிறந்த பெண்கள் ஒரு கட்சி, வாழவந்த மருமகள்கள் ஒரு கட்சி. என் அம்மா நெல் மூட்டையைத் தனியாளாக நகர்த்துகிறவள். மருமகள் கட்சி தோற்றால் ஒரு மாதம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டை விட்டுத்தருகிறேன் என்று தோழியிடம் சவால் விட்டிருந்தேன். பத்து வயது. நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டே இருந்தேன்.

முதல் இழுப்பில் அம்மா கட்சி ஒரே மூச்சில் ஜெயித்தது. எதிர்க்கட்சியில் ஓர் அக்காவுக்குக் கால் பிசகிவிட்டது. இன்னொரு ஆள் வேண்டும். பொங்கலுக்குப் பிறந்தவீடு வந்திருந்த என் அத்தை, ஓரமாக நாற்காலியில் இருந்தாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா அவளைப் பார்த்துவிட்டாள்.

"சும்மாதானே உக்காந்திருக்க, எந்திரிச்சு வா."

"வேணாம் பெரியம்மா, முடியல."

"ஏன், எதுவும் விசேஷமா?"

எல்லா முகங்களும் திரும்பின. "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று அத்தை எழுந்துபோய்க் கயிற்றைப் பிடித்தாள்.

சித்தப்பா விசிலை வாயில் வைத்தார். அம்மா கயிற்றை அப்படியே போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்தாள். "தலைய சுத்துது. என்னால ஆகாது. அவங்களே ஜெயிச்சதா வச்சுக்குங்க."

"அடியே, விசேஷம் இங்கல்ல இருக்கு!" என்று பெரியம்மா கத்தினாள். மைதானமே சிரித்தது. இடுப்பைப் பிடித்திருந்த அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா மறுக்கக்கூட இல்லை. யாரோ நீட்டிய பன்னீர் சோடாவை ஒரே மடக்கில் குடித்தாள்.

எனக்கு அவமானமும் ஆத்திரமும் தாங்கவில்லை. "பொய்! அம்மாவுக்கு ஒண்ணுமே இல்ல, நடிக்கிறாங்க!" என்று கத்தினேன். அத்தை ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். அந்தக் கையை நான் கடித்தேன். நன்றாகவே கடித்தேன். அவள் கையை எடுக்கவில்லை.

அந்த மாதம் முழுக்க அம்மாவை ஊர் கேலி செய்தது. நான் ஜன்னல் சீட்டைத் தோழிக்கு விட்டுவிட்டு பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், அம்மாவிடம் பேசாமல்.

ஆவணியில் அத்தைக்குப் பையன் பிறந்தான். அதற்கு முன் இரண்டு முறை ஊருக்கெல்லாம் சொல்லி, இரண்டு முறையும் தங்கவில்லை. அந்த மூன்றாவதை மூன்று மாதம் தாண்டும்வரை அத்தை என் அம்மா ஒருத்தியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். பிற்பாடு இதெல்லாம் காதில் விழுந்தபோதும் ஒரு செய்தியாகத்தான் கேட்டுக்கொண்டேன். நான் அப்படிக் கடித்தும் என் வாயைப் பொத்திய கையை அத்தை ஏன் எடுக்கவில்லை என்று, எனக்கும் ஒன்று தங்காமல் போனபோதுதான் தெரிந்தது.