இரண்டாம் பரிசு பெற்ற பனி

கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிற பிள்ளைகளைப் பனிக்காலத்துக்குக் கவிதை எழுதச் சொன்ன புண்ணியவான் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கனடாவில் இருக்கும் எங்கள் ஆட்களின் சங்கம் ஒன்றும் இங்கே ஒரு தமிழ் மன்றமும் சேர்ந்து நடத்திய போட்டி அது. டீச்சர் தலைப்பைக் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பே முழித்தது. பக்கத்தில் இருந்தவள் தங்கள் வீட்டு ஃபிரிட்ஜைப் பற்றி எழுதப்போவதாகச் சொன்னாள். எனக்கு அந்தத் தரித்திரம் இல்லை. என்னுடைய அப்பா கனடாவில் இருந்தார்.

அவர் போய் ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. பேப்பர் சரிவந்ததும் எங்களையும் கூப்பிடுவார் என்று நானும் அம்மாவும் வன்னியிலிருந்து வந்து, வெள்ளவத்தையில் ஒரு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தோம். அப்பா அங்கிருந்து கோல் எடுத்தால்தான் கதை. அவருடைய நம்பர் எங்கள் ஃபோனில் விழாது, நாங்களாக எடுக்கவும் முடியாது. போட்டி அறிவித்த கிழமை அவர் எடுத்தபோது, பனி எப்படி இருக்கும் என்று பிடித்துக்கொண்டேன். இருமினார். லைன் இரைகிறது என்றார். ஃபோனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். நான் கொடுத்தால்தானே!

கடைசியில், "இரவிரவாக் கொட்டும் பிள்ளை. விடியக் கூரைத் தகரத்தால சொட்டுச் சொட்டெண்டு விழும். வெயில் வர எல்லாம் காய்ஞ்சுபோயிடும்" என்றார்.

அதையே வரி வரியாக மடித்து எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் பரிசு கிடைத்தது. முதலாம் பரிசு, எதுகை மோனையெல்லாம் அடுக்கி எழுதிய ஒரு பெரிய வகுப்பு அக்காவுக்குப் போனது. அவளுடைய அப்பா இங்கேயே மட்டக்குளியில் கடை வைத்திருந்தார், பனிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒரு ஆறுதல் இருந்தது. பரிசளிப்பு நாளில் நான்கு மணிக்கு எடுக்கிறேன், நீ மேடையில் வாசிப்பதை ஃபோனில் கேட்கிறேன் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

அன்று அம்மா எனக்கு ஒரு கம்பளிச் சுவெட்டர் போட்டுவிட்டார். கனடா போகும்போது போட என்று புறக்கோட்டையில் வாங்கியது, வளர்த்திக்குக் கொஞ்சம் பெரிதாக. பனிக்கால விழா என்றால் அதற்கேற்ற மாதிரிப் போகவேண்டாமா என்பது அம்மாவின் நியாயம். மண்டபத்தில் காற்றாடிகள் கரகரவென்று சுற்றின, காற்று மட்டும் வரவில்லை. மேடைத் திரையில் பனி என்று ஒட்டியிருந்த பஞ்சு, புழுக்கத்தில் பசை விட்டுப் பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டிருந்தது. எனக்குக் கழுத்தெல்லாம் சொறி. நான்கு மணி நெருங்கியும் பிரதம விருந்தினரைக் காணவில்லை. அவர் வந்தால் மங்கள விளக்கு, பிறகு வரவேற்புரை. பேச்சு ஒரு வழியாக முடியப்போகிறது என்றால் கடற்கரைப் பக்கம் ரயில் போகும், பேசுகிறவர் நிறுத்திவிட்டு விட்ட இடத்துக்கு இரண்டு வசனம் முன்னாலிருந்து தொடங்குவார். நான் கதிரையில் இருக்கமுடியாமல் நெளிந்தேன். "அப்பா எடுக்கப்போறார் அம்மா, என்னைக் கூப்பிடச் சொல்லுங்கோ" என்று அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தபடியே இருந்தேன்.

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். வாசித்தேன். கைதட்டல் ஓய்ந்ததும் கனடாவிலிருந்து வந்திருந்த அந்தப் பிரதம விருந்தினர் மைக்கைப் பிடித்தார். எங்களுக்கு எல்லாமே பனிதான், மார்கழியில் மூக்கை அடைக்கிறதும் பனி, கனடாவில் வாசலை அடைக்கிறதும் பனி என்றார். "அங்கத்தைப் பனி சொட்டாது. சத்தமே இல்லாம விழுந்து, வெயில் எறிச்சாலும் மாசக்கணக்காக் கிடக்கும். இந்தப் பிள்ளை எங்கட வன்னிப் பனியைக் கொண்டுபோய்க் கனடாவில பெய்ய விட்டிருக்கிறா. அருமையான கற்பனை!"

"கற்பனை இல்லை, அப்பா அங்க பாத்துச் சொன்னவர்" என்றேன் நான், மைக்கிலேயே. சனம் சிரித்தது.

நான்கு மணி எப்போதோ தாண்டியிருந்தது, அந்த நேரம் பார்த்து அம்மாவின் கைப்பைக்குள் ஃபோன் அடித்தது. நான் மேடையிலிருந்து பாய்ந்து ஓடி அதைப் பறித்துக்கொண்டு வந்து விருந்தினரிடம் நீட்டினேன். அவரும் உற்சாகமாக ஸ்பீக்கரில் போட்டு மைக்கருகே பிடித்தார். கனடாவில் எவடம் என்று கேட்டார். டொரொண்டோப் பக்கம் என்றார் அப்பா. இப்போது அங்கே எப்படி என்று விருந்தினர் கேட்டார்.

"சரியான குளிர் ஐயா. பனி கொட்டிக்கொண்டிருக்கு."

அதோடு ஒரு சேவல் கூவியது. மண்டபத்து ஒலிபெருக்கி முழுவதும் கொக்கரக்கோ என்று, ஒரு தரம் அல்ல, ஆற அமர இரண்டாம் தரமும். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. விருந்தினர் சிரிக்கவில்லை. ஃபோனைக் கையால் பொத்தி, லைன் சரியில்லை என்று சொல்லிவிட்டு, இறங்கிப்போய் அம்மாவிடம் கொடுத்தார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. பனிக்குள் கோழி வளர்க்கிற அப்பா அந்த மண்டபத்தில் வேறு யாருக்கு இருந்தார்?

அம்மா ஃபோனை நிறுத்தினார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வெற்றியாளர்கள் எல்லாரையும் நிறுத்திப் போட்டோ இன்னும் எடுத்திருக்கவில்லை. ரோல்ஸும் தேத்தண்ணியும் இனித்தான். காலி வீதி நெடுக நான் கத்திக்கொண்டு வந்தேன். அம்மா திரும்பிப் பார்க்கவே இல்லை.

அப்பா அன்று இருந்தது ஆபிரிக்காவில். கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் கொண்டுபோய் விட்டுவிட்டு மறைந்துபோன, வெக்கையில் அவிகிற ஒரு துறைமுக ஊரில். கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்ற பொய்யை அவர் ஊருக்கு மட்டும் சொல்லவில்லை, அம்மாவுக்கும்தான் சொல்லியிருந்தார். இதெல்லாம் நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அன்று எனக்கு இருந்த துக்கம் எல்லாம் அந்தப் போட்டோ ஒன்றுதான்.

எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியபோது ஃபோன் மறுபடி அடித்தது. அம்மா மதில் ஓரமாக ஒதுங்கி நின்றார். அந்தப் பக்கம் அப்பா "ஹலோ, ஹலோ" என்பது எனக்கும் கேட்டது.

"சாப்பிட்டியளே?" என்றார் அம்மா. பிறகு, "வெயிலுக்குள்ள திரியாதேங்கோ. தண்ணி நிறையக் குடியுங்கோ" என்றார்.

அந்தப் பக்கம் அப்பா இருமுவது கேட்டது.

எனக்கு மானம் போனது. "ஐயோ அம்மா, அங்க எங்கால வெயில்? பனியெல்லோ!" என்று எட்டி ஃபோனுக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"ஓம் பிள்ளை, மறந்துபோனன்" என்றார் அம்மா.

இதுகூடத் தெரியாத அம்மாவைக் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் எப்படிச் சமாளிக்கப்போகிறேன் என்று படியேறும்போது எனக்கு ஒரே யோசனையாக இருந்தது.