கோவிந்தசாமிக்குக் கிடைக்காத திட்டு

செஞ்சி தாலுகா ஆபீஸ் குமாஸ்தா கோவிந்தசாமிக்கு 1966-ஆம் வருஷத்தில் ஒரே ஒரு குறைதான். யாரும் அவரைத் திட்டவில்லை.

இதெல்லாம் ஒரு குறையா என்று கேட்பவர்கள் சீட்டு மேசையில் உட்கார்ந்தவர்களாக இருக்க மாட்டார்கள். கடைவீதியில் எண்ணெய்க்கடை மாடியில் ஒரு மன்றம் இருந்தது. மன்றம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நாலு நாற்காலி, ஒரு மேசை, இரண்டு கட்டுச் சீட்டு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ரம்மி தொடங்கும். காசு வைக்க மாட்டார்கள், வெறும் புள்ளிதான். ஆனால் வாய்க்கு மட்டும் கட்டுப்பாடு கிடையாது. தப்பாக ஆடியவனை மற்ற மூன்று பேரும் சேர்ந்து உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். பாத்திரக்கடை சொக்கலிங்கம் குரலை எடுத்தால் கீழே எண்ணெய் வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். ஜவுளிக்கடை தேவநாதனும் போஸ்ட் மாஸ்டர் தனசேகரனும் அவருக்கு இளைத்தவர்கள் இல்லை. திட்டி முடித்த கையோடு ஒன்றாக டீ குடிப்பார்கள்.

பங்குனியில் இவர்களோடு ஆடிக்கொண்டிருந்த நாலாவது ஆள் திண்டிவனத்துக்கு மாற்றலாகிப் போனார். மூன்று பேரை வைத்துக்கொண்டு என்ன ஆட்டம் ஆடுவது? தனசேகரன் நேரே தாலுகா ஆபீசுக்கு வந்து, "ஒரு கை கொறையுது சார், வந்து உக்காருங்களேன்" என்று கோவிந்தசாமியைக் கூப்பிட்டார்.

கோவிந்தசாமிக்குச் சீட்டில் ராஜா எது, ராணி எது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் தயங்கியது அதற்காக இல்லை. அவருடைய அப்பா தளவானூரில் வேலை செய்தது சொக்கலிங்கம் வீட்டு நிலத்தில். தலை நரைத்த பிறகும் அப்பாவை அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகள்கூட 'டேய்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஹாஸ்டலில் தங்கிப் படித்து, பரீட்சை எழுதி, ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அந்த 'டேய்' கோவிந்தசாமியின் காதை விட்டுப் போகவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் ஒவ்வொரு படியாகத் தயங்கித்தான் ஏறினார். சொக்கலிங்கமோ எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டு, "வாங்க சார், உக்காருங்க சார்" என்றார். இரண்டு சார்! வீட்டுக்குப் போய் மனைவி மங்கையிடம் அதை மூன்று தடவை சொன்னார்.

அதற்குப் பிறகு மும்முரமாகப் படிப்பு நடந்தது. மேசையில் காதில் விழுந்த சொல்லையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்து, ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் மங்கைக்கு ஒப்பிப்பார்.

"ஸ்கூட்டுன்னா இன்னா?" என்று அவள் கேட்பாள்.

"வந்த சீட்டு சரியில்லன்னா ஆட்டமே வாணாம்னு கவுத்து வெச்சிடறது. எடுத்ததுமே வெச்சா இருவது புள்ளி நஷ்டத்தோட போயிடும். பாதியில வெச்சா மிடில் ஸ்கூட்டு, நாப்பது. கடைசி வரிக்கும் இழுத்துக்கினு போயி ஒண்ணும் சேராம மாட்டிக்கினா ஃபுல்லு, எம்பது."

"டிக்கு?"

"பதிமூணு சீட்டும் சேந்துட்ச்சின்னா ஒரு சீட்டக் கவுத்துப் போட்டு டிக்குன்னு சொல்லணும். ஆனா ஜோக்கர் கலக்காத வரிசை ஒண்ணு கையில இருக்கணும். அதுதான் ரம்மி. அது இல்லாம டிக் அடிச்சா ஃபுல்லு."

மங்கை இதையெல்லாம் ஒரு தடவை கேட்டதோடு சரி, பிடித்துக்கொண்டாள். வீட்டில் ஒரு பழைய சீட்டுக்கட்டை வைத்து ஆடினால் அவள்தான் ஜெயிப்பாள். கோவிந்தசாமிக்குச் சொல் எல்லாம் மனப்பாடம், ஆட்டம்தான் வரவில்லை. சித்திரையில் ஒரு நாள் கையில் இருந்த ஜோக்கரையே கீழே போட்டார். எந்தச் சீட்டுக்குப் பதிலாகவும் நிற்கக்கூடிய ஜோக்கரை யாராவது போடுவார்களா? மற்றவர்கள் போட்டிருந்தால் எண்ணெய்க்கடை வரைக்கும் அதிர்ந்திருக்கும். சொக்கலிங்கம் மீசையைத் தடவிக்கொண்டு, "பரவாயில்ல சார்" என்றார். அடுத்த மாதம் கோவிந்தசாமி ரம்மியே இல்லாமல் டிக் அடித்தார். அதற்கும் "பரவாயில்ல சார்"தான்.

முதலில் அவருக்கு இது மரியாதையாகத் தெரிந்தது. போகப் போக உறுத்த ஆரம்பித்தது. அவர்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் 'யோவ்' என்று கிழிப்பார்கள். இவர் பக்கம் திரும்பினால் மட்டும் குரல் இறங்கிவிடும். ஆனி மாதம் ஒரு ராத்திரி மங்கையிடம் மனம் விட்டுச் சொன்னார்.

"உன்ன விருந்தாளியா வெச்சிக்கினு இருக்காங்க" என்றாள் அவள். "விருந்தாளிய யாரு திட்டுவாங்க?"

"அந்த சார் மட்டும் இல்லன்னா சொக்கலிங்கம் வாயில டேய்தான் வரும் மங்கை. அதான் ஜாக்கிரதையா இருக்காரு."

இனிமேல் போக வேண்டாம் என்றுகூட நினைத்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கால் தானாகப் படி ஏறியது. சீட்டு அப்படிப்பட்ட சனியன்.

ஆடி கடைசி ஞாயிறு. கோவிந்தசாமிக்கு அன்று வாழ்க்கையிலேயே இல்லாத கை வந்திருந்தது. ரம்மி சேர்ந்துவிட்டது, இன்னும் ஒரே ஒரு சீட்டு வந்தால் டிக். தேவநாதன் சற்று முன்னால்தான் சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் சீட்டில் எட்டை ஆசையாகப் பொறுக்கிக்கொண்டார். அப்படியென்றால் ஏழோ ஒன்பதோ அவருக்கு வேண்டும் என்று மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்கு முன்கை, அதாவது அவருக்கு முன்னால் சீட்டுப் போடுகிறவர், சொக்கலிங்கம். அவர் தன் முறைக்கு ஒரு சீட்டைப் போட்டார்.

ஆட்டின் ஒன்பது.

தேவநாதன் லபக்கென்று எடுத்து, "டிக்!" என்றார்.

கோவிந்தசாமிக்குத் தன்னை மறந்து வாய் வந்துவிட்டது. "யோவ்! எட்ட எடுத்தவனுக்கு ஒம்பதப் போடறியே, மூளைகீதாய்யா உனக்கு?"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. தனசேகரன் டீ கிளாசை வாய்க்குப் பக்கத்தில் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். சொக்கலிங்கத்தின் முகம் சிவந்தது. இதோ வரப்போகிறது என்று கோவிந்தசாமி நினைத்தார். அந்த ஒரு சொல் வந்தால் எழுந்து போய்விட வேண்டும், திரும்ப இந்தப் படியை மிதிக்கக் கூடாது. நாற்காலியைக்கூடக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"யோவ் கோவிந்தசாமி!" என்று கத்தினார் சொக்கலிங்கம். "நீ சொல்றியாய்யா எனுக்கு? சித்திரையில ஜோக்கரத் தூக்கிப் போட்டியே, ஒலகத்துல எவனாவது செய்வானா? வைகாசில ரம்மி இல்லாம டிக் அடிச்சே! ஆனி மாசம், ஒண்ணுத்துக்கும் ஆவாத கைய ஸ்கூட் உடாம ஃபுல்லு வரிக்கும் இழுத்துக்கினு போனியே, அத நெனச்சா எனுக்கு இன்னும் சோறு எறங்கல! நாலு மாசமா வயிறு எரிஞ்சிக்கினு உக்காந்துகீறேன்யா!"

ஒன்று விடாமல் ஞாபகம் வைத்திருந்தார் மனிதர்! கோவிந்தசாமியே மறந்துபோயிருந்த ஆனி மாதத்துக் கைகூட அந்தப் பட்டியலில் வந்தது.

"அப்பப்பவே திட்ட வேண்டியதுதானே?" என்றார் தேவநாதன்.

"எப்பிடிய்யா திட்டறது?" சொக்கலிங்கத்தின் குரல் சட்டென்று இறங்கியது. "இவுரு நைனா எங்க நெலத்துல ஒழைச்சவரு. அவர எங்க வூட்ல எப்பிடிக் கூப்ட்டோம்னு இவுருக்கும் தெரியும், எனுக்கும் தெரியும். நான் கத்தினா அதத்தானே நெனப்பாருன்னு பயந்துக்கினு கெடந்தேன்."

கோவிந்தசாமிக்குக் கண் கலங்கியது. நாலு மாதமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. பயந்தது தான் மட்டும் இல்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த ஆனி மாசத்துக் கை அவ்ளோ மோசமில்லய்யா" என்றார்.

"இன்னாது? மோசமில்லயா?" என்று சொக்கலிங்கம் மறுபடி ஆரம்பித்தார். பொழுது சாயும் வரைக்கும் அவர்கள் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. சண்டை போடவே நேரம் சரியாக இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்தவரின் முகத்தைப் பார்த்து மங்கை, "ஜெயிச்சிட்டியா?" என்றாள்.

"இல்ல. தோத்துட்டேன்."

"அப்புறம் இன்னாத்துக்கு இளிக்கிற?"

அவர் சொக்கலிங்கம் கத்தியதை ஒரு சொல் விடாமல், கையை ஆட்டி, அதே குரலில் சொல்லிக் காட்டினார். 'யோவ் கோவிந்தசாமி' என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னார். மங்கை கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, "அந்த ஆளு சொன்னதுல ஒண்ணும் தப்பில்ல. நீ ஆடறது அப்பிடித்தான்கீது" என்று சொல்லிவிட்டுச் சோறு போடப் போனாள்.