ஓடினால் எங்கள் வண்டி

என் கல்யாணத்தன்று தவளக்குப்பம் மண்டபத்து வாசலில் அந்தக் கார் வந்து நின்றபோது, அப்பா தன் புது வேட்டியின் முனையால் அதன் கதவைத் துடைத்தார். யாரோ ஒரு குழந்தை கை வைத்த தடம் அது. கறுப்பு வண்டி. முன்பக்கம் சாமந்தி மாலை, கண்ணாடியில் ரோஜாக் கொத்து. மேளக்காரர்கள்கூட வாசிப்பதைக் குறைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஜெர்மன்காரன் வண்டி என்று பந்தி வரைக்கும் பேச்சு போனது. அப்பா வாழ்நாள் முழுக்க மொபெட்டில் உர மூட்டை ஏற்றிக்கொண்டு அபிஷேகப்பாக்கத்துக் கழனிக்கும் வீட்டுக்கும் போய்வந்தவர். கதவைத் துடைத்தாரே தவிர, அதைத் திறந்து உள்ளே உட்காரவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அந்த வண்டி எங்களிடம் இருந்த ஐந்து வருடத்தில் ஒருமுறைகூட அவர் அதில் ஏறியதில்லை. இதை நினைத்தால் எனக்குக் கண்ணீர் வருவதில்லை. கோபம்தான் வருகிறது. யார் மேல் என்று தெளிவாகச் சொல்ல முடியாததால் அது தணியாமலும் இருக்கிறது.

வரதட்சணை என்ற சொல்லை எங்கள் இரண்டு வீட்டிலும் யாரும் உச்சரித்ததில்லை. வில்லியனூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாமியார் மிக நாகரிகமாகத்தான் பேசினார். "எங்களுக்கு ஒண்ணும் வேணாண்ணே. உங்க பொண்ணு, உங்க மாப்ள. நீங்க பார்த்து செய்யறதுதான்" என்றார். பஜ்ஜியில் ஒரு விள்ளலைப் பிட்டுக்கொண்டு, தன் மூத்த மருமகள் வந்தபோது அவர்கள் வீட்டில் ஒரு கார் கொடுத்தார்கள், சின்ன வண்டிதான், ஆனாலும் பிள்ளைகள் மழையில் நனையாமல் போய்வருகிறார்கள் என்றும் சொன்னார். அவ்வளவுதான். நான் காப்பித் தட்டோடு நின்றேன். பி.எட். முடித்தவள், பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தவள். அந்தப் பேச்சின் பொருள் எனக்குப் புரிந்தது. புரிந்தும் சும்மா நின்றேன். அப்போதே வாயைத் திறந்திருக்கலாமோ என்று இன்றைக்கும் பாத்திரம் துலக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

அப்பாவிடம் இருந்த பணத்துக்குப் புதிதாக ஒரு சின்ன வண்டி வாங்கலாம். ஆனால் சின்ன வண்டி என்று சம்பந்தி வீட்டில் சொன்ன அந்த இளக்காரம் அவர் காதில் விழுந்துவிட்டது. கடலூர் ரோட்டில் பழைய வண்டி விற்கும் புரோக்கர் ஒருவர், அதே பணத்துக்கு ஏழு வருடம் ஓடிய ஜெர்மன் காரைக் காட்டினார். ஒரே டாக்டர் ஓட்டிய வண்டி, தட்டினால் சத்தம் பாருங்கள் என்று கதவைத் தட்டிக் காட்டினாராம். அப்பாவுக்கு மாடு வாங்கத் தெரியும். பல்லைப் பார்ப்பார், மடியைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். அதற்கு மேல் தீனிக்கு என்ன ஆகும் என்று கேட்காமல் எந்த மாட்டையும் ஓட்டி வந்ததில்லை. அப்படிப்பட்டவர் இந்த வண்டிக்கு என்ன தீனி என்று மட்டும் கேட்கவில்லை. மண்டபத்து வாசலில் அது நிற்பதுதான் அவர் கண்ணில் இருந்தது.

முதல் ஆடிக்கு நாங்கள் தாய்வீட்டுக்குக் காரில்தான் போனோம். பாகூர் போகும் ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தார்கள். மற்ற வண்டிகளெல்லாம் ஓரமாக மண்ணில் இறங்கிப் போக, எங்கள் வண்டி இறங்கினால் அடிப்பக்கம் உரசியது. நெல்லைக் கூட்டி வழிவிடும்வரை நின்றோம். ஒரு அம்மாள் துடைப்பத்தோடு வந்து, "இன்னாமா, இவ்ளோ பெரிய வண்டி வச்சிகினு ஒரு மண்ணுல எறங்க மாட்டேங்குது" என்று சிரித்தார். அன்று நானும் சிரித்தேன்.

அடுத்த வருடம் எலி. பக்கத்து அறையில் நெல் மூட்டை இருந்ததால் எலிகள் கார் அடியில் குடியேறி உள்ளே ஒயர்களைக் கடித்துவிட்டன. நம் ஊர் வண்டியாக இருந்தால் ஒரு எலெக்ட்ரீஷியன் அரை நாளில் ஒட்டுப்போட்டுக் கொடுத்திருப்பார். இதற்கு முழு ஒயர் கட்டும் மாற்ற வேண்டுமென்று சென்னைக்கு லாரியில் ஏற்றி அனுப்பினோம். பேட்டரி மாற்றினால்கூட அதைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். டயர் வெடித்தால் மாற்ற ஸ்டெப்னி கிடையாது. அதற்கென்று தனி டயர், எங்கள் பக்கத்தில் எந்தக் கடையிலும் இல்லாத அளவு. நான்கு டயருக்கு ஆன பணத்தைக் கேட்டு அம்மா, நல்ல கறவை மாடே வாங்கியிருக்கலாமே என்றாள். ஒருமுறை வழியில் நின்றபோது தவளக்குப்பத்து மெக்கானிக் ஒருவர் முன்மூடியைத் திறந்து பார்த்தார், கையை வைக்காமலே மூடினார். "இது கெட்ட வண்டி இல்லம்மா. நல்ல வண்டிதான். புதுசா வாங்குனவனுக்கு நல்ல வண்டி. அவன் வித்துட்டதுக்கு அப்புறம் வாங்குனவனுக்குத்தான் இது யாருன்னு காட்டும்" என்றார். அந்த மனிதரை வண்டி வாங்குமுன்னால் அப்பா கேட்டிருந்தால் என்று நினைத்தேன்.

புகுந்த வீட்டில் அந்த வண்டிக்கு இரண்டு பெயர் இருந்தது. ஓடும்போது அது எங்கள் வண்டி. மாமியாரின் அண்ணன் பேரனுக்கு மாப்பிள்ளை அழைப்பு என்றால், "எங்க வண்டி அனுப்பறேன்" என்பார். நின்றுவிட்டால் அது உங்கப்பா வண்டி. மூன்றாம் வருடம் ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால், பின்பக்கம் ஒரு சக்கரத்தின் மேல் கார் அப்படியே அமுங்கிக் கிடந்தது. ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை வைத்த வண்டி, பை கிழிந்துவிட்டது. மாமியார் வாசல் தெளித்த வாளியோடு நின்று, "போயி பாரு, உங்கப்பா வண்டி நாய் மாதிரி குந்திகினு கீது" என்றார். என் கணவர் குளித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்விட்டார். கெட்டவர் இல்லை அவர். இந்த மாதிரி நேரங்களில் அவருக்கு எப்போதும் ஷிப்ட் இருக்கும்.

பணத்தைக் கொடுங்கள் என்று அப்பாவிடம் அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அதைச் செய்தவள் நான். கொடுத்த சீருக்குக் குறை வந்தால் கொடுத்த வீட்டுக்குத் தெரியாமல் சரிசெய்யக் கூடாது, அது அவர்களை அவமதிப்பது என்பது மாமியாரின் வாதம். "அவரு ஆசையா குடுத்த பொருளு. நாமளே பண்ணிட்டா அவரு மனசு சங்கடப்படும். நீயே ஒரு வார்த்தை சொல்லிடு" என்பார். குரலில் கடுமையே இருக்காது. நான் மொட்டை மாடிக்குப் போய், துணி எடுப்பதுபோல நின்றுகொண்டு அப்பாவுக்குப் போன் செய்வேன். முதலில் கரும்பு வெட்டு எப்போது என்று கேட்பேன், மழையைப் பற்றிக் கேட்பேன், பிறகு சொல்வேன். அவர் ஒருமுறைகூடத் தயங்கியதில்லை. "நீ என்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லுவ" என்பார். அதில் ஒரு பெருமை இருக்கும். அந்தப் பெருமையை நம்பி நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். நான்கு முறை அப்படிப் போன் செய்திருக்கிறேன். என் மேல் எனக்குள்ள கோபம் அந்த நான்கு அழைப்பிலும் இருக்கிறது.

அப்பாவுக்கு இடது கண் போய்விட்டதைக் கண்டுபிடித்தது என் மகள். அப்போது அவளுக்கு இரண்டரை வயது. பாகூர் வீட்டில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவருடைய இடப்பக்கம் வந்து நின்று நாக்கை நீட்டினாள். அவர் திரும்பவில்லை. வலப்பக்கம் ஓடினாள், அவர் சிரித்தார். மறுபடி இடப்பக்கம், அவர் அங்கே யாருமே இல்லாததுபோல இருந்தார். அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. "தாத்தா இந்தப் பக்கம் தெரியாத மாதிரி நடிக்கிறாரு" என்று என்னிடம் வந்து கைதட்டிச் சொன்னாள். கையில் இருந்த சோற்றுக் கிண்ணத்தோடு நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

சர்க்கரையால் கண்ணுக்குள் நீர் கோத்திருக்கிறது, மாதம் ஒரு ஊசி, தவறாமல் போட வேண்டும் என்று கண் ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மாதம் போட்டிருக்கிறார். மூன்றாம் மாதம் போகவில்லை. நான்காம் மாதமும் போகவில்லை. ஐந்தாம் மாதம் உள்ளே ரத்தம் கசிந்து எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி நோட்டை அம்மாவிடமிருந்து பிடுங்கிப் பார்த்தேன். அவர் போகாமல் விட்ட முதல் தேதி, காற்றுப் பைக்காக நான் மாடியிலிருந்து போன் செய்த அதே வாரம். இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். அம்மா, "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. பொண்ணு வூட்ல தலைகுனிஞ்சி நிக்கக் கூடாதாம்" என்றாள். பிறகு தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தேன். ஒழுங்காக ஊசி போட்டிருந்தால் கண் நிலைத்திருக்குமா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, வாய்ப்பு அதிகம் என்றார். வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது, இதையாவது விட்டுவிடாதீர்கள் என்றார். அந்த 'வாய்ப்பு' என்ற வார்த்தையோடுதான் அன்று முதல் தூங்கி எழுகிறேன்.

போன தை மாதம் காரின் கியர் பாக்ஸ் போனது. மாமியார் வழக்கம்போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொன்னார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த நான் நிமிர்ந்து, வண்டிப் பேப்பர் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டேன்.

"உன் புருஷன் பேர்லதான். ஏன்?"

"அப்போ அவரு பார்த்துக்கட்டும் அத்தை. எங்கப்பாவுக்கு இனிமே நான் போன் பண்ண மாட்டேன்."

மாமியார் எழுந்து உள்ளே போனார். ஒரு மாதம் கார் கொட்டகையில் நின்றது. அவரும் என்னோடு பேசவில்லை, கணவரும் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். செய்தது சரிதானா, கணவரை முதலில் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டுமோ, என்னால் குடும்பம் உடையுமோ என்று தினமும் பயந்தேன். ஆனாலும் போன் செய்யவில்லை.

மாமியார் செய்தார். நலம் விசாரிப்பதுபோல அப்பாவைக் கூப்பிட்டு, "வண்டி ஒரு மாசமா நிக்குதுண்ணே. பொண்ணு உங்ககிட்ட சொல்லலயா?" என்றாராம். மறுநாள் காலை பதினொரு மணிக்கு அப்பா எங்கள் வாசலில் நின்றார். பஸ் மாறி வந்திருக்கிறார். வாசல் படியின் இடது ஓரத்தைக் காணாமல் கால் இடறி, சுவரைப் பிடித்துக்கொண்டார். கக்கத்தில் மஞ்சள் பை. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வலது கண்ணுக்கு ஊசி போட வேண்டிய வாரம் அது; அந்தப் பணம்தான்.

மாமியார் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். அப்பா உட்காரவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"எனக்கு ஏன் சொல்லல? இன்னா நெனச்சிகினு இருக்க நீ? நான் செத்துட்டேன்னு நெனச்சியா?"

எனக்காக அவர் என்னவெல்லாம் செய்தார் என்று சிலர் இந்த இடத்தில் உருகுவார்கள். நான் உருகவில்லை. இடறி விழப்போன அந்த நிலையிலும் சம்பந்தி வீட்டில் தன் மரியாதையைக் காப்பாற்ற வந்து நின்ற அவர் மேல் எனக்கு வந்த கோபம், மாமியார் மேல் வந்ததைவிடப் பெரியது. வாங்கிக்கொண்டவர்கள் கேட்காமல் கேட்டார்கள். இவர் கேட்காததற்கெல்லாம் கொடுத்தார். நடுவில் நான் போன் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாருக்கும் கேட்கும்படி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம்கூட நான் உயர்த்தாத குரலில் சொன்னேன்:

"ஒரு கண்ண இந்த வண்டிக்குக் குடுத்துட்டபா. இன்னொண்ணையும் குடுக்கவா வந்த?"

மாமியாருக்கு அதுவரை அது தெரியாது. கையில் சொம்போடு அப்படியே நின்றார். அவர் முகத்தில் அதிர்ச்சி இருந்தது என்பதை நேர்மைக்காகச் சொல்ல வேண்டும். அதற்காக அவரை மன்னிக்கும் அளவுக்கு எனக்கு மனசு வளரவில்லை. அப்பா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். சம்பந்தி வீட்டில் எது தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கினாரோ, அதைப் பெற்ற மகளே கூடத்தில் நின்று சொல்லிவிட்டாள். நான் உள்ளே போய் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன், அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன், பின்னால் உட்காரச் சொன்னேன். மகள் பள்ளி விட்டு வர மூன்று மணி ஆகும். வில்லியனூரிலிருந்து கண் ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என் தோளைக்கூடப் பிடிக்கவில்லை, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஊசி போட்டு, கண்ணில் கட்டோடு வெளியே வந்தபோது என் கையை விலக்கிவிட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார்.

கணவர் அந்த வாரமே காரை விற்றுவிட்டார். ஓடாத வண்டிக்கு ஒரு சென்னைக்காரர் கொடுத்த விலையை வெளியில் சொல்ல அவருக்கே கூச்சம். பலகை வைத்த லாரியில் அதை ஏற்றிக்கொண்டு போனார்கள். தெருவில் நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். மாமியார் அன்று முழுக்க உள்ளே படுத்திருந்தார். இப்போது என்னோடு பேசுகிறார், தேவைக்கு மட்டும். அந்த வீட்டில் என் இடம் எது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அப்பா இன்னும் என்னை மன்னிக்கவில்லை. சம்பந்தி வீட்டில் மானத்தை வாங்கிவிட்டாள் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். மாதா மாதம் ஊசிக்கு நான்தான் போய் அழைத்துப் போகிறேன். பேசுவதில்லை, ஆனால் மறுக்காமல் ஏறி உட்காருகிறார். போன வாரம் டாக்டர் சுவரில் மாட்டிய எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கடைசிக்கு முந்திய வரி வரைக்கும் தடங்கலில்லாமல் படித்தார். நான் சந்தோஷத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் திரும்பி, அந்த ஒற்றைக் கண்ணால் என்னை முறைத்தார். அறையின் அந்தக் கோடியிலிருந்து, கண்ணாடிகூட இல்லாமல்.

முறைக்கட்டும்.